தொழுகை அட்டவணையில் 35 டிக்: பிள்ளையின் பண்பு உருவாவது வீட்டிலா, மதரஸாவிலா?

சகோதரி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "என் மகனுக்கு 9 வயது. ஐந்து வயதிலிருந்தே மதரஸாவுக்கு அனுப்புகிறோம். குர்ஆனின் முப்பது ஜுஸ்உகளில் (பாகங்களில்) இரண்டை மனப்பாடம் செய்திருக்கிறான். தஜ்வீத் (ஓதும் உச்சரிப்பு) சுத்தமாக இருக்கிறது என்று உஸ்தாதே (ஆசிரியரே) சொல்கிறார். ஆனால் வீட்டில் பொய் சொல்கிறான், தம்பியை அடிக்கிறான், என்னிடம் குரலை உயர்த்துகிறான். மார்க்கக் கல்வி கொடுத்தும் ஏன் இப்படி இருக்கிறான்? தப்பு எங்களிடமா, மதரஸாவிடமா?"

வ அலைக்கும் ஸலாம், சகோதரி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 9 வயதுப் பையன் பொய் சொல்வதையும் தம்பியோடு மல்லுக்கட்டுவதையும் வைத்து அவன் கெட்டுப்போய்விட்டான் என்று பயப்படாதீர்கள். எதுவரை போகலாம் என்று தட்டிப் பார்க்கிற வயது அது. அவனைப் பற்றிக் கவலைப்பட ஒரு தாய் இருக்கிறாள் என்பதே அவனுக்கு அல்லாஹ் கொடுத்த பெரிய அருள்.

ஆனால் "மார்க்கக் கல்வி கொடுத்தும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். இரண்டு ஜுஸ்உ மனப்பாடம் என்பது பெரிய செல்வம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கல்வி அதோடு முடிந்துவிடவில்லை. வீடு, "அதெல்லாம் மதரஸாவில் சொல்லிக்கொடுப்பார்கள்" என்று விட்டுவிடுகிறது. மதரஸாவோ, "ஒழுக்கம் வீட்டிலிருந்து வரவேண்டியது" என்று பாடத்தை மட்டும் பார்க்கிறது. நடுவில் பிள்ளை நிற்கிறான். அவன் சும்மா நிற்பதில்லை. இரண்டு இடத்தையும் கவனித்து, எங்கே எந்த முகம் எடுபடும் என்று கற்றுக்கொள்கிறான். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்காத அந்தப் பாடம்தான் அவன் மனதில் ஆழமாகப் பதிகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கத் தொடங்கிய காலத்தில், என் வகுப்பில் ஒரு தொழுகை அட்டவணை கொடுத்தேன். ஒரு தாளில் 7 நாள், நாளைக்கு 5 வக்து (தொழுகை வேளை), மொத்தம் 35 கட்டம். தொழுதால் ஒரு டிக், வாரக் கடைசியில் பெற்றோர் கையெழுத்து. 35 கட்டமும் நிறைந்தால் ஒரு நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் சேர்ந்தால் பரிசு. எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாவது மாதம் ஒரு நாள், வந்த தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையனின் தாளில் 35 டிக்கும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தன. ஏழு நாளில் ஒரு தடவைகூடப் பேனா மாறவில்லை. ஒரு டிக்கூடக் கோணலாகவோ கட்டத்துக்கு வெளியிலோ விழவில்லை. கீழே இருந்த கையெழுத்திலும் அதே மை.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன். அவன் பயப்படவே இல்லை. "நேத்து ராத்திரி அம்மா போட்டுக் கொடுத்தாங்க உஸ்தாத். இல்லாட்டி நட்சத்திரம் போயிடும்ல?" என்றான்.

அவனுக்கு அது பொய்யாகவே தெரியவில்லை. பென்சில் சீவிப் பையில் வைப்பது மாதிரி, மதரஸாவுக்குக் கிளம்பும்முன் முடிக்க வேண்டிய ஒரு வேலை, அவ்வளவுதான். அந்தத் தாயை நான் குறைசொல்ல மாட்டேன். தன் பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து நிற்கக் கூடாதே என்ற பாசம் அது. ஆனால் நடந்தது என்ன? தொழுகையின் பெயராலேயே ஒரு பொய், அதற்குத் தாயின் கையெழுத்து, அதன் மேல் உஸ்தாதின் நட்சத்திரம். மூன்று பேருடைய நோக்கமும் நல்லதுதான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் "தப்பு யாரிடம்?" என்று கேட்டால், வீட்டுக்கு இத்தனை, மதரஸாவுக்கு இத்தனை என்று பங்கு பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. வீடும் மதரஸாவும் சேரும் இடத்தில்தான் நான் அதைப் பார்த்தேன்.

நம் மரபில் கல்வியைக் குறிக்க மூன்று சொற்கள் இருக்கின்றன. தஃலீம் என்பது அறிவைக் கொடுப்பது, தர்பியா என்பது பேணி வளர்ப்பது, தஃதீப் என்பது அதபை, அதாவது நல்லொழுக்கத்தைப் பழக்குவது. 1977-ல் மக்காவில் நடந்த முதல் உலக முஸ்லிம் கல்வி மாநாட்டில், மலேசிய அறிஞர் செய்யித் முஹம்மத் நகீப் அல்-அத்தாஸ், இஸ்லாமியக் கல்வியின் நோக்கத்தை முழுதாகச் சொல்வது தஃதீப் என்ற சொல்தான் என்று வாதிட்டார். முஸ்லிம் சமுதாயத்தின் இன்றைய நெருக்கடிக்கு வேர் அதபை இழந்ததில் இருக்கிறது என்பது அவருடைய பார்வை. எந்தச் சொல் பொருத்தம் என்று அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். நாம் தஃலீமுக்கு மட்டும் நேரமும் கட்டணமும் ஒதுக்கிவிட்டு, மற்ற இரண்டும் தானாக வந்துவிடும் என்று காத்திருக்கிறோம். நபித்தோழர் ஜுன்துப் பின் அப்தில்லாஹ் (ரலி) தம் இளம் வயதை நினைவுகூரும்போது, நபி (ஸல்) அவர்களுடன் இருந்த நாட்களில் குர்ஆனைக் கற்பதற்கு முன் ஈமானை (இறைநம்பிக்கையை) கற்றோம், பிறகு குர்ஆனைக் கற்றோம், அதனால் எங்கள் ஈமான் கூடியது என்கிறார். இது இப்னு மாஜா என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. இன்று பல வீடுகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நபி (ஸல்) அவர்களும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா என்ற இயல்பான தூய நிலையில்தான் பிறக்கிறது, பிறகு அதன் பெற்றோரே அதை யூதராகவோ கிறித்தவராகவோ மஜூஸியாகவோ (நெருப்பை வணங்குபவராகவோ) ஆக்குகிறார்கள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இதை நாம் பெரும்பாலும் மதம் மாறுவது பற்றிய செய்தியாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். குழந்தை எதுவாக ஆகிறது என்பதற்கு அங்கே பெயர் சொல்லப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். ஆசிரியர் இல்லை, ஊர் இல்லை, தாயும் தகப்பனும்தான்.

குர்ஆனில் ஒரு தகப்பன் மகனிடம் பேசுவதை அல்லாஹ் அப்படியே எடுத்து வைத்திருக்கிறான். லுக்மான் சூராவின் 13-ம் வசனத்திலிருந்து 19-ம் வசனம் வரை. லுக்மான் (அலை) நபி இல்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஞானம் கொடுக்கப்பட்ட ஒரு நல்ல மனிதர், ஒரு தகப்பன். அந்தப் பேச்சில் மூன்று முறை "யா புனய்ய" என்று அழைக்கிறார். அரபியில் அது வெறும் "மகனே" இல்லை. கொஞ்சலும் குழைவும் கலந்த அழைப்பு, "என் கண்ணு" என்று சொல்வது மாதிரி. ஷிர்க்கைப் பற்றி, அதாவது அல்லாஹ்வுக்கு இணை வைப்பதைப் பற்றி எச்சரிக்கும்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார். மார்க்கத்தில் அதைவிடக் கடுமையான விஷயம் இல்லை. அதையே கொஞ்சுகிற குரலில் சொல்ல முடியும் என்றால், பல் தேய்க்காததற்கும் பாடம் எழுதாததற்கும் நாம் ஏன் கத்துகிறோம்?

அதற்கு அடுத்து வருவதைக் கவனியுங்கள். லுக்மான் தன் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நான் உன் தகப்பன், என் பேச்சைக் கேள்" என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் அல்லாஹ்வே நடுவில் பேசுகிறான். தாய் பலவீனத்தின் மேல் பலவீனத்தோடு சுமந்ததையும், பெற்றோருக்கு நன்றி செலுத்த வேண்டியதையும் 14-ம் வசனத்தில் அவன் சொல்கிறான். லுக்மான் மகனுக்கு அல்லாஹ்வை அறிமுகப்படுத்தினார், அல்லாஹ் அந்த மகனுக்குத் தாய் தகப்பனின் உரிமையை எடுத்துச் சொன்னான். இந்த இடத்தை ஓதும்போதெல்லாம் என் மனம் நிறைந்துவிடும்.

அப்புறம் கடுகு வருகிறது. ஒரு கடுகு விதையின் எடை அளவுள்ள செயல்கூட, அது பாறைக்குள் இருந்தாலும் வானங்களில் இருந்தாலும் பூமியில் இருந்தாலும் அல்லாஹ் அதை வெளியே கொண்டுவருவான் என்கிறார். அதற்குப் பிறகுதான் தொழுகை, நன்மையை ஏவுவது, தீமையைத் தடுப்பது, பொறுமை. அதற்கும் பிறகு, மனிதர்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, பெருமையடித்து நடக்காதே, நடையில் நிதானம் கொள். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், உன் குரலைத் தாழ்த்திக்கொள்.

சகோதரி, நீங்கள் கேட்டது குரலைப் பற்றி. அந்தப் பட்டியலில் குரல் கடைசி வரியில் இருக்கிறது. நாம் முதல் நாளே அந்தக் கடைசி வரியைக் கேட்கிறோம், அதுவும் நம் குரலை உயர்த்திக்கொண்டே கேட்கிறோம். அதற்கு முன்னால் வர வேண்டிய கடுகு, அதாவது யாரும் பார்க்காவிட்டாலும் அவன் பார்க்கிறான் என்ற உணர்வு, பிள்ளையின் நெஞ்சில் வேர்பிடித்ததா என்று பார்ப்பதில்லை.

அந்த உணர்வு வேர்பிடிக்காமல் போவதற்கு ஒரு காரணம், அல்லாஹ் பார்க்கிறான் என்ற இடத்தில் நம்மை நாமே நிறுத்திவிடுவது. "அப்பா பார்த்தால் தொலைந்தாய்", "உஸ்தாதிடம் சொல்லிவிடுவேன்" என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோம். அப்பா வெளியே போனதும் அந்தக் கண் போய்விடுகிறது. பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், "உமர் பார்க்காவிட்டால் என்ன, உமரின் இறைவன் பார்க்கிறானே" என்று சொன்ன பெண்ணின் கதை நம் எல்லாருக்கும் தெரியும். கலீஃபாவாக இருந்த உமர் (ரலி) அந்தப் பெண்ணைத் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள், அந்த வழியில் பிறந்தவரே பிற்காலக் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதே கதையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பேன், ஜாக்கிரதை" என்று மிரட்டினால் பிள்ளை எதை எடுத்துக்கொள்வான்?

பொய்யைப் பற்றிக் கேட்டீர்கள். அபூதாவூதில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. அப்துல்லாஹ் பின் ஆமிர் சிறுவனாக இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவருடைய வீட்டில் அமர்ந்திருந்தார்கள். அவருடைய தாய், "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அவரைக் கூப்பிட்டார். "அவனுக்கு என்ன கொடுக்க நினைத்தாய்?" என்று நபியவர்கள் கேட்டார்கள். "ஒரு பேரீச்சம்பழம்" என்றார் தாய். "நீ எதையும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும்" என்றார்கள். குழந்தையை அருகில் வரவழைக்கச் சொல்லும் ஒரு வார்த்தை, அதற்கே இந்தக் கணக்கு. அந்தச் சிறுவன் பெரியவனாகி இதை அறிவித்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். நடந்ததை அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டும் இருந்தான், மறக்கவும் இல்லை. உங்கள் மகன் உங்களிடம் சொல்லும் பொய்களைக் கணக்கெடுப்பதற்கு முன், ஒரு வாரம் நீங்களும் உங்கள் கணவரும் அவனிடம் சொல்வதைக் கணக்கெடுங்கள். "அழாதே, நாளைக்கு வாங்கித் தருகிறேன்." "ஊசி வலிக்கவே வலிக்காது." "ரெண்டு நிமிஷத்தில் வந்துவிடுவேன்." குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. என் வீட்டிலும் எண்ணிப் பார்த்தேன், எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

தொழுகையைக் குடும்பத்தாருக்கு ஏவும்படி சொல்லும் வசனம் தாஹா சூராவில் 132-வது. "உம் குடும்பத்தாரைத் தொழுமாறு ஏவுவீராக" என்பதோடு அது நிற்கவில்லை, "நீரும் அதில் உறுதியாக நிலைத்திருப்பீராக" என்று தொடர்கிறது. ஏவுகிறவன் தானும் அதில் நிற்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் பாங்கு சொன்னதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவதை ஆயிரம் தடவை பார்த்த பிள்ளைக்கு அதற்கு மேல் பாடம் அதிகம் தேவைப்படாது. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுதிருக்கிறார்கள். தொழுகை என்ற உடனே அந்தக் குழந்தைக்கு நினைவு வருவது பாட்டனாரின் தோளின் சூடாகத்தான் இருந்திருக்கும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தொழுகை என்றதும் காதைத் திருகிய விரல் நினைவுக்கு வருகிறது!

பழக்குவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஆஷூரா நோன்பன்று சஹாபிப் பெண்கள் சிறு பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்ததை ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) சொல்கிறார்கள். பிள்ளை பசியால் அழுதால், கம்பளியில் செய்து வைத்திருந்த பொம்மையைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை விளையாட்டுக் காட்டுவார்களாம். நோன்பும் இருந்தது, பொம்மையும் இருந்தது. பிள்ளை அழுவான் என்று தெரிந்து, முன்கூட்டியே பொம்மை செய்து வைத்த தாய்மார்கள் அவர்கள்.

இனி மதரஸாவின் பக்கம். வீட்டில் கிடைக்காத இரண்டு விஷயம் அங்கே கிடைக்கும். ஒன்று, தாயும் தகப்பனும் அல்லாத ஒரு பெரியவர் நீதியாக நடந்துகொள்வதைப் பார்ப்பது. இன்னொன்று, தன் வயதுப் பிள்ளைகளோடு பங்கிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகப் பழகுவது. வீட்டில் பிள்ளை செல்லம். அங்கே அவன் பலரில் ஒருவன். மதரஸாவின் பெரிய நன்மையே இதுதான் என்பேன். ஆனால் இதற்குப் பாடத்திட்டத்தில் இடம் இருக்காது.

ஒரு நாள் ஒரு மாணவன் என்னிடம் மாஊன் சூராவைப் பாடம் கொடுத்துக்கொண்டிருந்தான். மக்ரஜ் (எழுத்துகளின் உச்சரிப்பு) அத்தனை அழகு, மத்து (நீட்டி ஓதுவது) எல்லாம் அளந்து வைத்த மாதிரி. "வ யம்னஊனல் மாஊன்" என்று முடிக்கும் நேரத்தில், பக்கத்தில் இருந்த சின்னப் பையன் பென்சில் முனை உடைந்துபோய் இவனுடைய சீவியை எடுக்கக் கை நீட்டினான். இவன் ஓதுவதை நிறுத்தவே இல்லை. ஓதிக்கொண்டே ஒரு கையால் சீவியைத் தன் முழங்காலுக்கு அடியில் தள்ளி மறைத்துக்கொண்டான். அந்த வசனத்தின் பொருள் என்ன? தொழுகையில் அலட்சியமாக இருந்து, பிறர் பார்க்க வேண்டும் என்று செயல்பட்டு, அன்றாடம் புழங்கும் சின்னச் சின்னப் பொருள்களைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைப் பற்றியது. நான் திட்டவில்லை. "இப்போ ஓதினியே, அந்தக் கடைசி வசனத்துக்கு அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான். பிறகு முழங்காலைத் தூக்கினான். சீவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இப்போ மறுபடி ஓதட்டுமா உஸ்தாத்?" என்றான். ஒரு வருடமாக அந்த சூராவை ஓதிக்கொண்டிருந்த பிள்ளை அவன். அர்த்தத்தைச் சொல்லிக்கொடுக்க நான் ஒரு வருடம் தாமதித்திருக்கிறேன்.

மதரஸாவின் கண்டிப்பு பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது, ஏனென்றால் பிள்ளைகளின் பொய்க்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமா என்ற நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். 14-ம் நூற்றாண்டில் எழுதியது. மாணவர்களைக் கடுமையாலும் அடக்குமுறையாலும் வளர்த்தால் அவர்கள் உற்சாகம் இழந்து சோம்பலில் விழுகிறார்கள், தண்டனைக்குப் பயந்து மனதில் இருப்பதை மறைத்து வேறொன்றைக் காட்டுகிறார்கள், பொய்யும் தந்திரமும் பழகி நாளடைவில் அதுவே அவர்களின் இயல்பாகிவிடுகிறது என்று எழுதுகிறார். அதனால் உங்கள் மகன் பொய் சொல்கிறான் என்றால், அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று முதலில் பாருங்கள். அந்தப் பயம் மதரஸாவிலும் இருக்கலாம், வீட்டிலும் இருக்கலாம்.

"ஏழு வயதில் தொழ ஏவுங்கள், பத்து வயதில் அடியுங்கள்" என்ற ஹதீஸை எல்லாரும் எடுத்து வைப்பார்கள். அபூதாவூதில் உள்ள ஹதீஸ்தான். ஆனால் ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் மூன்று வருடம் இருக்கிறது. நாளைக்கு ஐந்து வக்து என்று கணக்குப் போட்டால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள். அந்த ஐயாயிரம் முறையும் அன்பாகக் கையைப் பிடித்துக் கூப்பிட்டுப் போன தகப்பன் எத்தனை பேர்? அந்த மூன்று வருடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் கையில் எடுப்பது ஹதீஸைப் பின்பற்றுவதாக ஆகாது. அந்த இரண்டாவது பாதிக்கும் சட்ட அறிஞர்கள் கடும் வரம்பு வைத்திருக்கிறார்கள். காயமோ தழும்போ வரக் கூடாது, முகத்தில் அடிக்கக் கூடாது, கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அடிக்கக் கூடாது. இதைச் சொன்ன நபி (ஸல்) அவர்களோ, அறப்போர்க்களம் தவிர எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் தம் கையால் அடித்ததே இல்லை என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். பத்து ஆண்டு அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி), ஒரு தடவைகூடத் தன்னை "சீ" என்று சொன்னதில்லை என்கிறார். மதரஸாவில் பிரம்பு எடுப்பதற்கு இந்த ஹதீஸை ஆதாரம் காட்டுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அனஸின் ஹதீஸை எங்கே வைத்தீர்கள்?

தொழுகையில் தெரியாமல் பேசிவிட்ட முஆவியா பின் அல்-ஹகம் (ரலி) அவர்களின் வார்த்தையை ஒவ்வொரு உஸ்தாதும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றியிருந்தவர்கள் அவரை முறைத்தார்கள், தங்கள் தொடையில் தட்டி அவரை அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். "அவர்களைவிட அழகாகக் கற்பிக்கும் ஆசிரியரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என்னைக் கடுகடுக்கவில்லை, அடிக்கவில்லை, திட்டவில்லை" என்று அவர் அறிவிக்கிறார். முஸ்லிமில் இருக்கிறது.

இதெல்லாம் இன்றைக்குக் கண்டுபிடித்த புதுக் கல்வி முறை என்று நினைத்துவிட வேண்டாம். 9-ம் நூற்றாண்டிலேயே கைரவான் நகரத்து இப்னு ஸஹ்னூன் ஆசிரியர்களின் ஒழுக்கம் பற்றித் தனி நூல் எழுதினார். ஏழைப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளைக்கும் வேறுபாடு காட்டாமல் சொல்லிக்கொடுப்பதை அதில் வலியுறுத்தினார். 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யா என்ற தம் நூலில் பிள்ளை வளர்ப்புக்கென ஒரு பகுதி வைத்து, பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், அவன் இதயம் எதுவும் வரையப்படாத தூய மாணிக்கம் என்கிறார். அதில் எனக்கு மிகவும் உதவியது, தப்பு செய்த பிள்ளையைப் பற்றி அவர் சொல்வது. முதல் தடவை என்றால் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுங்கள், அவனே அதை மறைக்கப் பார்த்தால் கட்டாயம் திரையைக் கிழிக்காதீர்கள் என்கிறார். திரையைக் கிழித்துவிட்டால் அடுத்த தடவை அவனுக்கு வெட்கம் போய்விடும், துணிச்சல் வந்துவிடும். மறுபடி செய்தால் தனியாகக் கண்டியுங்கள். சதா திட்டிக்கொண்டே இருக்காதீர்கள், திட்டு பழகிப்போய்க் காதில் ஏறாது. மதரஸா விட்டு வந்த பிள்ளையை விளையாட விடுங்கள் என்றும் சொல்கிறார். விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிக்கவைத்தால் அவன் உள்ளம் செத்துப்போகும், அறிவு மங்கும், எப்படித் தப்பிப்பது என்று வழி தேடுவான். உங்கள் மகனின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்: பள்ளி, மதரஸா, டியூஷன், மனப்பாடம். அதில் அவனுக்கென்று ஒரு மணி நேரம் இருக்கிறதா? தம்பியை அடிப்பதற்குக் காரணம் அங்கேயும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம், சுருக்கமாக. பிள்ளை காதுபட உஸ்தாதைக் கிண்டல் செய்யாதீர்கள். உஸ்தாதும் வகுப்பில் பெற்றோரைக் குத்திப் பேசக் கூடாது. "உன் வீட்டில் இதெல்லாம் சொல்லித் தரலையா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், பிள்ளை அன்றோடு யாரையாவது ஒருவரை விட்டுவிடுவான். கருத்து வேறுபாடு இருந்தால் பெரியவர்கள் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மகன் இன்னும் மூன்று நான்கு வருடத்தில் கேள்வி கேட்கத் தொடங்குவான். ஏன் இது ஹராம், ஏன் அது கடமை என்று கேட்பான். அப்போது "கேள்வி கேட்காதே, ஈமான் போய்விடும்" என்று வாயை அடைக்காத வீடும் மதரஸாவும் அவனுக்கு வேண்டும். விபசாரத்துக்கே அனுமதி கேட்டு வந்த ஓர் இளைஞரை நபி (ஸல்) அவர்கள் அருகில் உட்காரவைத்து, "உன் தாய்க்கு இதை விரும்புவாயா? உன் மகளுக்கு? உன் சகோதரிக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் அவர் மேல் கையை வைத்து துஆ செய்த சம்பவம் முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. அந்த அளவுக்கு மனம் திறந்து கேட்க அந்த இளைஞருக்கு ஓர் இடம் இருந்தது. இப்ராஹீம் (அலை) அவர்களோ, கனவில் அல்லாஹ்வின் கட்டளை வந்த பிறகும் மகனிடம், "நீ என்ன கருதுகிறாய், யோசித்துச் சொல்" என்று கேட்டார்கள். முடிவு ஏற்கனவே தெரியும், ஆனாலும் கேட்டார்கள்.

சரி, எல்லா வீட்டிலும் தாயும் தகப்பனும் சேர்ந்து உட்கார்ந்து பிள்ளை வளர்க்க முடிகிறதா? முடியாது என்பது எனக்குத் தெரியும். தனியாக நின்று பிள்ளை வளர்க்கும் பெண்கள் இதைப் படித்தால் தயவுசெய்து மனம் தளர வேண்டாம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) 767-ல் காஸாவில் பிறந்து, சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். தாய்தான் அவரை மக்காவுக்குக் கொண்டுவந்தார். ஆசிரியருக்குக் கட்டணம் கொடுக்கக்கூட அந்தத் தாயிடம் வசதி இல்லை. ஆசிரியர் எழுந்து போகும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே கட்டணம் என்று ஏற்றுக்கொண்டாராம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் தாய், மகனுக்கு நல்ல உடை உடுத்தி, தலைப்பாகை கட்டிவிட்டு, "ரபீஆ என்ற ஆசிரியரிடம் போ, அவருடைய அறிவைக் கற்பதற்கு முன் அவருடைய அதபைக் கற்றுக்கொள்" என்று அனுப்பிவைத்தார்கள். வீடும் ஆசிரியரும் ஒன்றுசேர்ந்தது அந்த ஒரே வாக்கியத்தில். மகன் எங்கே போகிறான், அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தாய்க்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அந்த அட்டவணையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நிறுத்திவிட்டேன். நட்சத்திரத்தையும் நிறுத்தினேன். அந்தத் தாயிடம் புகாராக எதையும் சொல்லவில்லை. எல்லாப் பெற்றோரிடமும் பொதுவாக, பரிசு வைத்தது என் தவறு என்று சொன்னேன். அதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி: "இந்த வாரம் வீட்டில் யாரோடு சேர்ந்து தொழுதீர்கள்?" மதிப்பெண் கிடையாது, பதிவேடு கிடையாது. முதல் வாரம் பாதிப் பேர் மௌனம். ஒரு சிறுமி மட்டும், "யாரும் தொழல உஸ்தாத், நானும் தொழல" என்றாள். "உண்மையைச் சொன்னாயே, அல்லாஹ் உனக்கு பரகத் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். சில வாரங்களில் பிள்ளைகள் வீட்டில் போய், "உஸ்தாத் கேட்பாங்க, வாங்க சேர்ந்து தொழலாம்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எல்லார் வீட்டிலும் அது நடக்கவில்லை. நடந்த வீடுகளில் பிள்ளையின் முகமே சொல்லிவிடும்.

உங்களுக்கு இப்போது நான் சொல்வது இவ்வளவுதான். இந்த வாரம் நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்தே போய் உஸ்தாதைப் பாருங்கள். எத்தனை பக்கம் முடித்திருக்கிறான் என்று முதலில் கேட்காதீர்கள். அங்கே யாரோடு உட்காருகிறான், தன் பொருளை மற்றவருக்குக் கொடுக்கிறானா, ஓதும்போது தப்பு வந்தால் ஒத்துக்கொள்கிறானா மழுப்புகிறானா, உஸ்தாதைப் பார்த்துப் பயப்படுகிறானா என்று கேளுங்கள். வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவன் மனப்பாடம் செய்த சூராக்களில் ஒன்றை எடுத்து, அதன் அர்த்தத்தை மட்டும் இந்த மாதம் மதரஸாவிலும் வீட்டிலும் சேர்ந்து பேசலாமா என்று கேளுங்கள். முதலில் உஸ்தாதுக்குக் கொஞ்சம் வியப்பாக இருக்கும், இப்படி யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த வாரமும் போங்கள்.